மரம் வெட்டியவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர்

திருநகரிலோ ரயில்வே காலனியிலோ குடியிருப்பவரிடம் முகவரி கேட்டால் தயங்காமல் சொல்வார். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம் பிள்ளைகள் பலர், ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'காலனி' என்று வந்தால் அதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். சொல் ஒன்றுதான். ரயில்வேயோடு சேர்ந்தால் உத்தியோகம், ஊரோடு சேர்ந்தால் சாதி.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு பெரிய காலனியாகவே 300 ஆண்டுகள் இருந்த பிரேசிலுக்குப் போய் வருவோம்.

1500-இல் போர்ச்சுகீசியர் அந்தக் கரையில் இறங்கியபோது முதலில் சிலுவையின் பெயரைத்தான் வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. அங்கே கிடைத்த சிவப்புச் சாய மரமான 'பாவ் பிரசில்' நாட்டின் பெயராகிவிட்டது. அதற்கு முன்பே ஐரோப்பியர் அதே பெயரில் ஆசியாவிலிருந்து ஒரு சாய மரத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாம் பதிமுகம், சப்பங்கி என்று சொல்லும் மரம் அது.

பிரேசில் நாட்டவர் தங்களை 'பிரசிலெய்ரு' என்கிறார்கள். போர்ச்சுகீசிய மொழியில் 'எய்ரு' என்பது பெரும்பாலும் தொழிலைக் குறிக்கும் விகுதி. ரொட்டி சுடுபவர் பதெய்ரு, கொத்தனார் பெத்ரெய்ரு, கொல்லர் ஃபெர்ரெய்ரு, செருப்புத் தைப்பவர் சப்பத்தெய்ரு. அந்த வரிசையில் பிரசிலெய்ரு என்றால் முதலில் சாய மர வியாபாரி. லண்டனிலிருந்து 1808 முதல் 'கொரெய்யு பிரசிலியென்சே' இதழை நடத்திய இப்போலிட்டு ஜொசே த கோஸ்தா, நாட்டில் பிறந்தவரைப் 'பிரசிலியென்சே' என்றே சொல்ல வேண்டும் என்று வாதாடினார். எடுபடவில்லை. தொழிற்பெயரே தேசத்தின் பெயரானது. இன்று அதைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை.

ஆனால் காட்டுக்குள் போய் அந்த மரத்தை வெட்டிக் கரைக்குச் சுமந்து வந்தவர்கள் யார்? துப்பி முதலான பூர்வகுடி மக்கள். கோடரிக்கும் கத்திக்கும் துணிக்கும் பண்டமாற்றாக உழைத்தவர்கள் அவர்கள். வியாபாரியின் பெயர் தேசத்துக்குப் போயிற்று. உழைத்தவருக்குக் கிடைத்ததோ 'இந்தியர்' என்ற தவறான பெயர். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 48 லட்சம் பேர் அடிமைகளாக அங்கே இறக்கப்பட்டார்கள். 1824 அரசியல் சட்டம் அந்நாட்டில் பிறந்து விடுதலை பெற்றவரைக் குடிமக்களில் சேர்த்தது. அடிமைத்தளையில் இருந்தவரைச் சேர்க்கவில்லை. 1888-இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்களுக்கு நிலம் தரப்படவில்லை. பெயர் எல்லோருக்கும் பொதுவானது, மண் பொதுவாகவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். 'பறையர்' என்ற பெயரைப் பறை என்னும் இசைக்கருவியோடு இணைப்போர் உண்டு. பறைதல், அதாவது சொல்லுதல் என்பதோடு இணைப்போரும் உண்டு. இரண்டில் எதிலும் இழிவு இல்லை. ஆனால் அதே சொல் ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், விலக்கி வைக்கப்பட்ட எவரையும் குறிக்கும் 'பரையா' என்ற வசையாயிற்று. மர வியாபாரி என்ற சொல் உயர்ந்தது, பறை என்ற சொல் தாழ்த்தப்பட்டது. வித்தியாசம் வேர்ச்சொல்லில் இல்லை. சொல்லை ஆளும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில் இருக்கிறது.

நம் முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் பூர்வத் தமிழர், சாதிபேதமற்ற திராவிடர் என்ற அடையாளங்களை முன்வைத்தார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் நேர்மாறான வழியில் சென்றார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பாக்கி 1893-இல் 'பறையன்' இதழை வெளியிட்டார். எம்.சி. ராஜா சட்டமன்றம் வழியாகப் போராடினார். அதன் பயனாக 1922-இல் சென்னை அரசு 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணையிட்டது. காந்தி தந்த 'அரிஜன்' என்ற பெயரை அம்பேத்கர் ஏற்கவில்லை. 1938-இல் பம்பாய் சட்டமன்றத்தில் எதிர்த்து வெளிநடப்பு செய்தார். மராட்டியத்தில் 1972-இல் எழுந்த தலித் சிறுத்தைகளின் பெயரை மதுரையில் மலைச்சாமி ஏந்தினார். 1990-இல் அதை ஏற்று நடத்த வந்தவர் திருமாவளவன்.

வழிகள் வேறு, கோரிக்கை ஒன்றுதான்: எங்களை என்னவென்று அழைப்பது என்பதை நாங்கள் முடிவு செய்வோம். பிரேசிலிலும் இதே போராட்டம் நடக்கிறது. 1978-இல் கறுப்பின மக்கள் 'நெக்ரு' என்ற சொல்லைத் தங்கள் இயக்கத்தின் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். ஏப்ரல் 19-ஐ 'இந்தியர் நாள்' என்று கொண்டாடிய அரசு, 2022-இல் அதைப் 'பூர்வகுடி மக்கள் நாள்' என்று மாற்ற வேண்டி வந்தது.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். 1922-இல் 'பஞ்சமர்' என்ற சொல் போனது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் தந்த அறிக்கையைத் தொடர்ந்து நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் மட்டும் இன்றும் 'பஞ்சமி நிலம்' என்றே அழைக்கப்படுகிறது. அந்த நிலத்தில் பெரும்பகுதி பிறர் கையில் இருக்கிறது. மீட்கப் போகும்போது நமக்குச் சாட்சி நிற்பது அந்தப் பழைய பெயர்தான்.

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவின் பெயர்ப்பலகை மாறும் நாளில் கைதட்டுங்கள். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய பெயரில் உள்ள வீட்டுமனைப் பட்டா, ஒப்படைப்பு ஆணை, வரி ரசீது ஆகியவற்றை நகலெடுத்து வையுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, எந்த ஆண்டு யார் போராடி அந்த மனை கிடைத்தது என்று எழுதி வையுங்கள். பெயர் மாறட்டும். உரிமைக்கான ஆதாரம் பெயரோடு சேர்ந்து அழிந்துவிடக் கூடாது.

ஜெய்பீம்.