மூணாறு சாலை, ஸ்ரீபெரும்புதூர் வாசல்

2023 மார்ச் மாதம். வாட்ஸ்அப்பில் வந்த வேலை விளம்பரத்தை நம்பி அக்காவும் தங்கையும் ஸ்ரீபெரும்புதூருக்கு வருகிறார்கள். இருவருக்கும் இருபதுகளில் வயது. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போகப் பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடிக்கிறார்கள். கல்யாணமான பெண்களை அங்கே எடுக்க மாட்டார்கள் என்று ஆட்டோ ஓட்டுநரே சொல்லிவிடுகிறார். இருந்தாலும் போகிறார்கள். ஆலையின் முதன்மை வாசலில் காவலர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணமாகிவிட்டதா? ஆகிவிட்டது. வந்த வழியே திரும்பினார்கள். படிப்பு, அனுபவம், கை வேகம் எதைப் பற்றியும் பேச்சே எழவில்லை.

இதை ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2024 ஜூன் 25 அன்று வெளியிட்டது. செய்தி உலகம் சுற்றியது. அதில் என் மனம் போய் நின்றது அந்த ஆட்டோ ஓட்டுநரிடம்தான். ஒரு விஷயம் ஆட்டோ ஸ்டாண்டுக்கே தெரிந்திருக்கிறது. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுகளுக்குத் தெரியும். அவர்கள் அனுப்பும் விளம்பரங்களிலேயே 'கல்யாணமாகாத பெண்கள்' என்று எழுதியிருந்தது. ஊர் அறிந்த ஒன்று செய்தியாக ஏன் இத்தனை காலம் பிடித்தது? இதைக் கேட்டுக்கொண்டபோது எனக்குக் கேரளத்து மூணாறு நினைவுக்கு வந்தது. ஒன்று மலை, மற்றொன்று சமவெளி. ஒன்று தேயிலை, மற்றொன்று செல்பேசி. இரண்டிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரண்டும் உலகச் செய்தியாயின. ஆனால் செய்தியான விதம் வேறு. அந்த வேறுபாட்டைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த பெண்கள் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனியில் கொழுந்து எடுப்பவர்கள். பெரும்பாலோர் தமிழர்கள், தலித் குடும்பத்தவர்கள். சில தலைமுறைக்கு முன்னால் மலையேறிப் போய் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஒரு நாளைக்கு 21 கிலோ கொழுந்து எடுத்தால் கூலி 232 ரூபாய். அந்த வருஷம் போனஸை 19 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கம்பெனி குறைத்தது. பெண்கள் 20 சதவீத போனஸும் 500 ரூபாய் கூலியும் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் சமாதானம் பேச வந்தபோது அவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. தொகுதி எம்.எல்.ஏ.வைத் துரத்தி அனுப்பினார்கள். சுமப்பது நாங்கள், மூட்டை கட்டிக்கொண்டு போவது நீங்களா என்ற பொருளில் தமிழிலும் மலையாளத்திலும் கோஷம் எழுந்தது. தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் அப்படித்தான், இரண்டு மொழியும் கலந்தது: பெம்பிளை ஒருமை. ஒன்பது நாள் அசையவில்லை. கடைசியில் அன்றைய கேரள எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் உட்கார இடம் கொடுத்தார்கள். போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம், ஆக மொத்தம் 20 என்று உடன்பாடானது.

மூணாறு செய்தியின் பலம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: அந்தப் பெண்களின் குரல். லிசி சன்னி, கோமதி, ராஜேஸ்வரி என்று பெயரோடும் முகத்தோடும் பேசினார்கள். தோட்டத்துத் தமிழ் மலையாளத் தொலைக்காட்சிகளில் மணிக்கணக்கில் ஒலித்தது. தங்கள் குடும்பக் கணக்கைத் தாங்களே எடுத்துவைத்தார்கள்: அரிசி எவ்வளவு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எவ்வளவு, கழுத்து எலும்பு தேயத் தேயச் சுமந்தும் மிஞ்சுவது எவ்வளவு. நிபுணர் ஒருவர் அவர்களுக்காகப் பேச வேண்டியிருக்கவில்லை.

அந்தச் செய்தியின் குறையும் எனக்கு அதே இடத்தில்தான் தெரிகிறது. கேமராவுக்கு அந்தப் பெண்கள் ஒரு வியப்பு. பெரிய கம்பெனியையும் பெரிய சங்கங்களையும் மண்டியிட வைத்த எளிய பெண்கள் என்பதே பெரும்பாலான செய்திகளின் சாரம். பிபிசி வரை அப்படித்தான் போனது. பாகுபாடு என்ற சொல் அங்கே அரிதாகவே வந்தது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பது பெண்கள் வேலை. கவாத்து, மருந்தடிப்பு, ஆலை வேலை, மேற்பார்வை ஆகியவை ஆண்கள் கையில். சங்கத்தில் சந்தா கட்டுவது பெண்கள், நாற்காலியில் உட்காருவது ஆண்கள். கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் மேஜையில் கொழுந்துக் கூடை சுமந்த ஒருத்திக்கு இடம் கிடையாது. 232 ரூபாய்க்கும் இந்த ஏற்பாட்டுக்கும் உள்ள உறவுதான் அந்தப் போராட்டத்தின் உயிர். அந்தப் பெண்கள் அதைத்தான் சொன்னார்கள். செய்தியோ அதைப் போனஸ் தகராறாகவும் வீரக் கதையாகவும் பிரித்து எடுத்துக்கொண்டது.

வீரக் கதைக்கு ஒரு முடிவு வேண்டும். உடன்பாடு வந்ததும் 'வென்றார்கள்' என்று எழுதி முடித்தாயிற்று. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் என்று நிர்ணயமானது. கேட்ட 500-க்கு வெகு தூரம். அதற்கு அந்த அளவு வெளிச்சம் இல்லை. பிறகு தலைவிகளுக்குள் பிணக்கு வந்தபோது கேமரா திரும்பி வந்தது. 2017 ஏப்ரலில் கேரள அமைச்சர் எம்.எம். மணி அவர்களை இழிவாகப் பேசினார் என்று சாலையில் உட்கார்ந்தபோது வந்தது. 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் மண்ணோடு போய் 70 உயிர்கள் பலியானபோது வந்தது. கேரள முதலமைச்சர் அங்கே வந்தபோது அவர் வாகனத்தை மறிக்கப் போய்க் கைதானவர் அதே கோமதி. சாலை மறிக்கப்பட்டால் செய்தி. இல்லாத நாட்களில் மலை தன்பாட்டுக்கு இருக்கும், கொழுந்து தன்பாட்டுக்குத் துளிர்க்கும்.

ஸ்ரீபெரும்புதூரில் சாலையை மறிக்க யாரும் இல்லை. இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான். வேலையில் இருக்கும்போது நடக்கும் அநியாயம் ஒரு கூட்டத்தை உருவாக்கும். ஒரே லயம், ஒரே கூலிச் சீட்டு, ஒரே கோபம். வேலைக்கே எடுக்காமல் திருப்பி அனுப்புவது அப்படி எதையும் உருவாக்காது. வாசலில் மறுக்கப்பட்டவள் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடுகிறாள். நேற்றைக்கு மறுக்கப்பட்டவளை அவளுக்குத் தெரியாது. நாளைக்கு மறுக்கப்படப் போகிறவளையும் தெரியாது. அவர்களுக்குச் சங்கம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, ஒன்றாக உட்கார ஒரு மரத்தடிகூட இல்லை. மறுப்பு எழுத்திலும் கிடையாது. ஆகவே சிதறிப் போனவர்களை ஒன்றுசேர்க்கும் வேலையை அங்கே செய்தியாளர்தான் செய்ய வேண்டும்.

ராய்ட்டர்ஸ் அதைச் செய்தது. 2023 ஜனவரி முதல் 2024 மே வரை இருபது தடவைக்கு மேல் அந்த ஊருக்குப் போனார்கள். வேலை தேடி வந்தவர்கள் பலரிடம் பேசினார்கள். ஆள் சேர்க்கும் நிறுவனங்களின் ஊழியர்கள் 17 பேர், ஃபாக்ஸ்கான் மனிதவளப் பிரிவில் இருந்தவர்களும் இருப்பவர்களுமாக 4 பேர் என்று வாக்குமூலம் சேர்த்தார்கள். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி லீவு என்று காரணங்கள் வந்தன. ஆர்டர் குவியும் மாதங்களில் மட்டும் இந்த விதி தளரும் என்பதும் வெளியே வந்தது. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அவசரத்துக்கு உதவும் கை மற்ற நாளில் மட்டும் எப்படி உதவாமல் போகும்?

ஆனால் மூணாற்றில் இருந்தது இங்கே இல்லை. கதவுக்கு வெளியே நின்றவர்களைவிடக் கதவைச் சாத்தியவர்கள்தான் இந்தச் செய்தியின் சாட்சிகள். அந்த அக்கா தங்கை பேசுகிறார்கள், வேறு சிலரும் பேசுகிறார்கள். ஆனாலும் செய்தியின் கனம் ஏஜென்டுகள் சொன்னதில்தான் இருக்கிறது. அது தவிர்க்க முடியாதது, வழக்கு அப்படிப்பட்டது. ஆனால் வேலை கிடைக்காமல் திரும்பியவள் அந்த மாதம் எதை வைத்துச் சமாளித்தாள், கல்யாணத்துக்கு முன் அதே ஆலையில் வேலை பார்த்திருந்தால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே போயிற்று. 'நாங்கள்' என்று பேச அங்கே ஒருத்தியும் இல்லை.

விளைவு வேகமாக வந்தது. மூணாறுப் பெண்கள் ஒன்பது நாள் வெயிலில் உட்கார்ந்து பெற்றதை, ஒரு செய்தி ஒரே நாளில் பெற்றது போலத் தோன்றியது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைச் சுட்டித் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இந்த வேகத்துக்குக் காரணம் செய்தியின் உழைப்பு மட்டும்தானா? ஆப்பிள் என்ற பெயரும்தான். வாங்குபவர் வெளிநாட்டில் இருந்து, அவருடைய நடத்தை விதிகளில் இந்தப் பாகுபாடு தடை செய்யப்பட்டிருந்தது. தேயிலைக்கு அப்படி ஒரு வாங்குபவர் குரல் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த 5-ஆம் பிரிவிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பேதம் கூடாது என்றது அது. இங்கே நடந்தது பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையே போட்ட கோடு. ஆலையில் முக்கால்வாசிக்கு மேல் பெண்கள்தானே, பாகுபாடு எங்கே என்று கேட்க அது இடம் கொடுத்தது. இந்தக் கோடு புதிதும் இல்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் கர்ப்பத்தோடு வேலையை விட்டு அனுப்பும் விதியை 1981-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் கல்யாணம் செய்யக் கூடாது என்ற விதியை மட்டும் அப்படியே விட்டுவைத்தது. ஆணுக்கு ஒருநாளும் கேட்கப்படாத கேள்வி பெண்ணுக்கு மட்டும் வாசலில் கேட்கப்பட்டால் அது பெண் என்பதற்காகக் கேட்கப்பட்டதுதான். இதைச் சட்டம் தெளிவாகச் சொல்லாத இடத்தில் செய்தி சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் அது, கல்யாணமானவள் காலில் போடும் மெட்டியைப் பற்றிய பேச்சாகச் சுருங்கியது.

மெட்டி பற்றி ஒரு சொல். மின்னணுப் பொருள் பூட்டும் கூடத்தில் உலோகம் கூடாது. ஆணோ பெண்ணோ, யார் அணிந்திருந்தாலும் கழற்ற வேண்டும் என்று நிறுவனம் அரசிடம் விளக்கம் தந்தது. நியாயமான பாதுகாப்பு விதிதான். அப்படியானால் ஒரு பெட்டியும் பூட்டும் போதும். மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறேன் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்ணுக்கு இருந்ததா என்பதே கேள்வி. காலில் உள்ள வெள்ளியைப் பேசியதில் அவள் வயிற்றில் எப்போது பிள்ளை வரும் என்ற கணக்கு மறைந்துபோனது.

எண்களிலும் இதே மறைவு. புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் கல்யாணமான பெண்கள் என்று நிறுவனம் அரசிடம் சொன்னது. அது ஊடகங்களில் பரவலாக வந்தது. தொழிலாளர் துறை அதிகாரிகளின் ஆய்வில் கிடைத்த கணக்கு வேறு: மொத்தம் 41,281 பேர், அவர்களில் பெண்கள் 33,360, அந்தப் பெண்களில் கல்யாணமானவர்கள் 2,750. அதாவது நூற்றுக்கு எட்டு. ஒன்று புதியவர்கள் கணக்கு, மற்றொன்று இருப்பவர்கள் கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே வாசகருக்கு நிலைமை புரியும். வேலை பார்க்கும் கல்யாணமான பெண்களிடம் அதிகாரிகள் விசாரித்தபோது பாகுபாடு இல்லை என்றார்கள். உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? மனித உரிமை ஆணையமே பிறகு இந்தக் குறையைச் சுட்டி, மீண்டும் விசாரிக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் அதையும் வெளியே கொண்டுவந்தது அதே ராய்ட்டர்ஸ்தான். தொடர்ந்து போனார்கள். மூணாற்றுக்கு யாரும் அப்படித் தொடர்ந்து போகவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதே ஆலையின் பெண்களும் ஒருமுறை சாலையில் உட்கார்ந்தார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவி, இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். கேமராக்கள் ஓடி வந்தன. போக்குவரத்து, சாப்பாடு, விடுதி என்று செய்திகள் வந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தக் குளிரில் தெரிந்தார்கள். எல்லோரும் இளவயது, எல்லோரும் விடுதி. இவர்களில் கல்யாணமானவர்கள் எங்கே என்ற கேள்வியை அந்த இரவில் சாலையோரம் நின்றே கேட்டிருக்கலாம்.

2024 நவம்பருக்குள் விளம்பரங்கள் மாறின. வயது, பாலினம், கல்யாணம் பற்றிய வரிகளை எடுத்துவிடும்படி ஏஜென்டுகளுக்கு உத்தரவு போனது. நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். அதன்பின் வந்த விளம்பரத்தில் ஏசி கூடம், இலவசப் போக்குவரத்து, கேன்டீன், இலவச விடுதி என்று இருந்தது. அந்த விளம்பரத்தைப் பார்த்துக் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் பஸ் இறங்கும் பெண்ணிடம் இன்றைக்கு ஆட்டோ ஓட்டுநர் என்ன சொல்லி வண்டியைக் கிளப்புகிறார் என்பதை நான் செய்தியில் படிக்க வேண்டும்.