சலநாட்டை: பயமுறுத்திய ராகமும் பண்ணைப்புரத்துக்காரரும்

மக்கா, இசை பத்தி ஒரு பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. நமக்குத் தெரிஞ்சது அரைகுறை ஆர்மோனியம்தான். பெரியவங்க பொறுத்தருளணும் :-)

எங்க லோயர் கேம்ப்ல மார்கழி மாசம் குமுளி மலையில இருந்து பனி இறங்கி, பவர் ஹவுஸ் குழாயே கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்துல டீக்கடையில 'பனிவிழும் மலர்வனம்' ஓடினா எப்படி இருக்கும்! கேட்டவங்க எல்லாருக்கும் பிடிச்ச பாட்டு. ஆனா அது நிக்கிற ராகம், பல பேர் தொடவே யோசிச்ச சலநாட்டை.

கொஞ்சம் வரலாறு. 17ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர்ல விஜயராகவ நாயக்கர் காலத்துல வேங்கடமகி 'சதுர்தண்டி பிரகாசிகை' எழுதினார். கணக்குப்படி 72 மேளம் வரும்னு சொன்னார். ஆனா புழக்கத்துல இருந்ததா அவர் காட்டினது 19தான். அதுல நாட்டையும் ஒண்ணு. பின்னாடி வந்தவங்க 72க்கும் பேர் வச்சப்போ, எண்ணைப் பேருக்குள்ளயே ஒளிச்சு வச்சாங்க. கடபயாதி கணக்குல 'ச' 6, 'ல' 3. திருப்பிப் போட்டா 36. அதுதான் சலநாட்டையோட நம்பர்.

ஒரு கட்டையில வாசிச்சுப் பாருங்க. ச, அப்புறம் மூணு அரைச்சுரம் தாண்டி ரி, ஒட்டினாப்புல க, ஒட்டினாப்புல ம. மேல் பாதியும் அச்சு அசல் அப்படியே: ப, ஒரு தாவல், த, நி, ச. இப்படி ரி-கவும் த-நியும் இடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்குப் பேர் விவாதி. 72ல 40 மேளம் விவாதிதான். அதைப் பாடினா தோஷம்னு ஒரு நம்பிக்கை ரொம்ப காலமா இருந்துச்சு. எங்க பஜனை மடத்து ஆர்மோனியத் தாத்தாகூட "அது ஆகாதுப்பா, வேற வாசி"ன்னுதான் சொல்லுவார்.

நாட்டைக்கு மட்டும் ஏன் பயமில்லை? இறங்கும்போது த-வையும் க-வையும் விட்டுடுது, இடி குறையுது. தியாகராஜரோட பஞ்சரத்னத்துல முதல் கிருதியே நாட்டைதான். சலநாட்டையோ ஏழு சுரத்தோடயும் ஏறி, ஏழோடயும் இறங்கணும். 72 மேளத்துலயும் தமிழ்ல கிருதி செஞ்ச கோடீஸ்வர ஐயர் இதுல 'ஏதய்யா கதி' பாடி வச்சார். கச்சேரிக்காரங்களுக்கு அது ஒரு பெரிய துணை.

இப்ப நம்ம ஊர்க்காரர். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவுல இருக்கிற பண்ணைப்புரத்துல 1943ல பிறந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனோட கட்சி மேடைகள்ல ஆர்மோனியம் வாசிச்சு வளர்ந்தவர். சென்னையில தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சார். 1982ல ஸ்ரீதர் இயக்கின 'நினைவெல்லாம் நித்யா'வுல, வைரமுத்து வரிக்கு, எஸ்.பி.பி. குரல்ல இந்த ராகத்தைக் காதல் பாட்டா ஆக்கிட்டார்.

அதுல என்ன கஷ்டம்னா, கார்டு! சி-யை ச-ன்னு வச்சா நமக்குக் கிடைக்கிறது சி, டி ஷார்ப், ஈ, எஃப், ஜி, ஏ ஷார்ப், பி. சினிமாப் பாட்டு வழக்கமா சாஞ்சுக்கிற எஃப் மேஜருக்கு ஏ வேணும், ஜி மேஜருக்கு டி வேணும். ரெண்டுமே ராகத்துல இல்ல! ஆனா ஈ-யும் டி ஷார்ப்பும் சேர்ந்தே இருக்கிறதால சி மேஜர், சி மைனர் ரெண்டும் ஒரே வீட்டுல கிடைக்குது. கூடவே ஈ மைனர், டி ஷார்ப் மேஜர். சந்தோஷமும் ஏக்கமும் பக்கத்துப் பக்கத்துல. தோஷம்னு ஒதுக்கின அதே இடிதான் அந்தப் பாட்டுக்கு அழகு.

சாஸ்திரத்தை யாரும் மீறல. சுரம் அதேதான், கேட்கிற காதுதான் மாறிப்போச்சு. 'ஆகாது'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒருதரம் வாசிச்சுப் பார்க்கிறதுல தப்பே இல்ல.

வீட்டுல கீபோர்டு இருந்தா சி மேஜர், சி மைனர் ரெண்டையும் மாத்தி மாத்தி அமுக்கிட்டு, மறுபடி அந்தப் பாட்டைக் கேளுங்க. வேற எதாச்சும் விவாதிப் பாட்டு கண்ணுல பட்டா சொல்லுங்க, அடுத்த பதிவுல மேய்ஞ்சுடலாம்!