கோடையில் புல், குளிரில் புழு

உத்தராகண்டின் பித்தோராகர் மாவட்டத்தில், முன்சியாரிக்கும் தார்ச்சுலாவுக்கும் மேலே பனி உருகும் மே மாதத்தில், குடும்பம் குடும்பமாக மக்கள் புல்வெளிகளுக்கு ஏறிவிடுகிறார்கள். முகம் தரையில் படுமளவு குனிந்து அவர்கள் தேடுவது, மண்ணுக்கு மேல் தீக்குச்சியாய் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழுப்புக் காம்பை. அங்கே அதன் பெயர் கீடா ஜடி, புழு மூலிகை. திபெத்தியர் சூட்டிய யார்ட்ஸா குன்பு என்ற பெயருக்குக் கோடையில் புல், குளிரில் புழு என்று பொருள்.

பெயர் கவித்துவமானது, நடப்பது கொலை. மண்ணுக்கடியில் வேர் தின்று வாழும் அந்துப்பூச்சியின் புழுவைத் தொற்றும் இப்பூஞ்சை, அதை உள்ளிருந்தே உண்டு, வெறுங்கூட்டைத் தன் இழைகளால் நிரப்பி, தலைவழியே காம்பாக முளைக்கிறது.

15ஆம் நூற்றாண்டின் திபெத்திய மருத்துவர் சுர்கர் ஞம்ஞி தோர்ஜே இதை ஆண்மை பெருக்கும் மருந்தாக எழுதிவைத்தார். 1694இல் சீன மருத்துவ நூலொன்றில் இடம்பெற்றது. பெகிங்கிலிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் பாரெனின் வழியாகப் பாரிசை அடைந்ததை 1726இல் அறிவியல் கழகத்தில் ரேயோமூர் விவரித்தார். 1843இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட பெர்க்லியும் ஒரு பாதிரியாரே. பூஞ்சைக்கும் சபைக்கும் அப்படியென்ன உறவோ!

உலகச் சந்தையில் இதன் புகழைப் பரப்பியது 1993. அவ்வாண்டு ஸ்டுட்கார்ட் உலகத் தடகளப் போட்டியில் சீனப் பெண்கள் மூன்று ஓட்டங்களில் தங்கம் வென்றனர். ஆமை இரத்தமும் இந்தப் பூஞ்சையுமே காரணம் என்றார் பயிற்சியாளர் மா ஜுன்ரென். ஊக்கமருந்துதான் காரணம் என வீராங்கனைகளே 1995இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016இல் வெளியானபோது, பூஞ்சையின் விலை எங்கோ போய்விட்டிருந்தது. 2009இல் நேபாளத்தின் நார் கிராமத்தில், தங்கள் மேய்ச்சல் நிலத்தில் பூஞ்சை பறிக்க வந்த ஏழு வெளியூர்க்காரர்கள் கொல்லப்பட்டார்கள்.

மருத்துவ மதிப்பு என்ன? ஆய்வுக்கூடச் சோதனைகள் ஏராளம். மனிதரிடம் செய்யப்பட்ட உறுதியான ஆய்வுகள் சொற்பம். கார்டிசெப்பின் என்ற புகழ்பெற்ற வேதிப்பொருள் 1950இல் கண்டறியப்பட்டது இதிலல்ல, தட்டுகளிலேயே வளர்க்கக்கூடிய அதன் உறவினமான கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸில். சீன அரசே 2016இல் இதிலுள்ள ஆர்சனிக் குறித்து எச்சரித்தது.

எனினும் பறிப்பு குறையவில்லை. இங்கேதான் சந்தையின் விபரீதம் இருக்கிறது. காம்பு முற்றினால்தான் ஸ்போர் எனும் வித்துத் துகள்கள் உதிர்ந்து அடுத்த தலைமுறைப் புழுக்களைத் தொற்றும். ஆனால் காம்பு முற்றுகையில் புழுவின் உடல் வற்றிச் சுருங்கிவிடுகிறது. வியாபாரி கேட்பதோ கெட்டியான உடலும் குட்டையான காம்பும். ஆக, உயர்ந்த விலை கிடைப்பது இன்னும் இனம்பெருக்காத பூஞ்சைக்கே. குளிர்காலம் வெதுவெதுப்பாகி வருவதும் இதன் வாழிடத்தைச் சுருக்குகிறது என்கிறது 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு. 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

பூட்டான் 2004இல் மலைவாழ் மக்களுக்கு மட்டும் பறிக்க அனுமதி தந்து, பருவத்தையும் வரையறுத்து, விற்பனையை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. பருவத்தின் கடைசி நாட்களைப் பூஞ்சைக்கே விட்டுவிடலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் யோசனை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை அந்தச் சில வாரங்களில் ஈட்டியாக வேண்டிய முன்சியாரிக் குடும்பம், தான் விட்டுவந்ததை அடுத்த ஊர்க்காரன் பறிக்கமாட்டான் என்று எதை நம்பி இறங்கிவரும்?