மேலேரியும் கீழேரியும்

ஆப்கானிஸ்தானத்துப் பாமியான் மலைகளுக்கிடையே ஆறு ஏரிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஓர் ஏரி நிரம்பினால் நீர் கரையைத் தாண்டி அருவியாய் வழிந்து கீழேரியை அடைகிறது. நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து படிந்தே அக்கரைகள் எழுந்தன என்பர் நிலவியலார். ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் கட்டிய அணைகள் என்பர் அவ்வூர் மக்கள். 'பந்தே அமீர்', அதாவது அமீரின் அணை என்னும் பெயர் அந்நம்பிக்கையைக் காட்டும். 2009ஆம் ஆண்டு அது அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று.

நிற்க. ஏரித்தொடர் காண நாம் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரத்துக்குக் கிழக்கே சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரிகள் தொடர்ந்து, இறுதியில் பள்ளிக்கரணைக் கழுவெளியில் நீரைச் சேர்க்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே அது கடல் நோக்கிச் செல்லும். இங்குள்ளவை முன்னோர் மண் சுமந்து எழுப்பிய கரைகள். அருவிக்கு ஈடாகக் கலங்கல். மேலேரி நிரம்பினாலன்றிக் கீழேரிக்கு நீரில்லை. இடையிலுள்ள கால்வாய் அடைபட்டால் இரண்டுக்கும் கேடு.

இந்த முறையின் நீதியை நம் ஃபிக்ஹு நூல்கள் நன்கறியும். மதீனாவில் மஹ்ஸூர், முதைனிப் என்னும் ஓடைகளில் மழைநீர் வரும். அந்நீரை மேல்நிலத்தார் கணுக்கால் அளவு தேக்கிக்கொண்டு, பின்னர்க் கீழ்நிலத்தார்க்கு விட்டுவிட வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஹிஜ்ரி 179இல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது. மேலிருப்பவனுக்கு முதல் உரிமை உண்டு. முழு உரிமை இல்லை. பிறர்க்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்னும் பெருவிதியும் அந்நூலிலேயே உள்ளது.

இவ்விதியை நாம் மறந்ததன் விளைவை 2015 டிசம்பரில் கண்டோம். டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. மேற்கே அடையாற்றுப் பக்கம் முடிச்சூர் மூழ்கியது. கிழக்கே வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு ஓடிற்று. மழை இறைவன் நாட்டம். ஆனால் நீர் போகும் வழியை மனையாக்கியது மனிதன் கை. கழுவெளியின் ஒரு பகுதியில் பல்லாண்டு நகரக் குப்பையைக் கொட்டியதும் மனிதன் கையே. எஞ்சிய கழுவெளியில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது.

அவ்வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் சமயம் பாராது கதவு திறந்தன. நம் இளைஞர் இடுப்பளவு நீரில் சோறு சுமந்தனர். அல்லாஹ் அதனை ஏற்றருள்வானாக! ஆயினும் ஒன்று கேட்போம். மலிவாகக் கிடைக்கிறதென்று ஏரிப்புறத்தில் மனை வாங்கியோருள் நாமும் இல்லையா? வாங்குமுன் பத்திரத்தின் வில்லங்கம் பார்த்த நாம், நீரின் வழி எதுவெனப் பார்த்தோமா? வெள்ளத்தில் சோறு வழங்குவது ஸதகா. வாய்க்காலை அடைக்காதிருப்பது கடமை. ஃபர்ளை விட்டவனுக்கு நஃபில் ஈடாகாது என்பது மக்தபுச் சிறுவரும் அறிந்த பாடம்.