ஒரே தண்ணீர், ரெண்டு வேலை: பாபநாசம் நீர்மின்சாரத்தின் நல்லதும் கெட்டதும்

குற்றாலத்துக்கு வருபவர்களில் பலர் பாபநாசத்துக்கும் ஒரு எட்டு போய்விட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். அகஸ்தியர் அருவியில் ஒரு குளியல், பாபநாசநாதர் கோயிலில் ஒரு கும்பிடு. அங்கேயே மலைச்சரிவில் பெரிய பெரிய குழாய்கள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 80 வருஷமாக அதில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள்.

இந்த ஆற்றின் விசையை முதலில் வேலைக்கு வைத்தது பஞ்சாலைதான். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே மில் தொடங்கியதே, விழும் தண்ணீரில் இயந்திரம் ஓட்டலாம் என்றுதான். பிறகு சென்னை மாகாணத்தில் பைக்காரா (1932), மேட்டூர் (1937) வரிசையில் 1944-ல் பாபநாசம் மின் நிலையம் வந்தது. இன்று அதன் திறன் 32 மெகாவாட். பக்கத்துச் சேர்வலாறு 20 மெகாவாட்.

'இவ்வளவுதானா?' என்று தோணும். இதே மாவட்டத்துக் கூடங்குளத்தில் ஒரு உலை மட்டுமே 1,000 மெகாவாட்! ஆனால் அணு உலையை நினைத்த நேரத்துக்கு நிறுத்தி ஓட்ட முடியாது. இது அப்படியில்லை. சாயங்காலம் ஊரே விளக்குப் போடும்போது மதகைத் திறந்தால் சில நிமிஷத்தில் மின்சாரம். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் திடீரென்று சோர்ந்தாலும் கைகொடுக்கும். நிலக்கரிச் செலவு இல்லை, சாம்பல் இல்லை.

இன்னொரு லாபம், தண்ணீர் தீர்ந்துபோவதில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள்; அவற்றின் கால்வாய்களில் பாய்ந்து 86,000 ஏக்கருக்கு மேல் வயல் நனைகிறது. மின்சாரம் எடுத்த தண்ணீரில்தான் நெல்லை மாநகரமும் குடிக்கிறது.

சரி, சிக்கல் எங்கே? ஒரு சின்னக் கணக்கு. 100 மீட்டர் உயரத்திலிருந்து 4,000 லிட்டர் தண்ணீர் விழுந்தால் கிடைப்பது சுமார் ஒரு யூனிட். நம்ம வீட்டு ஏ.சி. ஒரு மணி நேரம் ஓடினாலே அது போச்சு! ஆகவே நிறையத் தண்ணீர் வேணும். மழை பொய்த்த வருஷம் கார் சாகுபடிக்கும் தண்ணீர் கிடையாது, சக்கரமும் சுற்றாது. கார் விவசாயி ஜூன் மாதம் அணையைப் பார்த்துக்கொண்டு நிற்பது இன்றும் நடக்கிறது.

தேக்கிய இடத்தில் காடு போனது. பாணதீர்த்தம் அருவிக்கே காரையாறு நீர்த்தேக்கத்தைப் படகில் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சுற்றுலா போகிறவர்களுக்கு அது ஜாலி. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் இஞ்சிக்குழியில் வாழும் காணி மக்களுக்கு அப்படியில்லை. ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் இறங்கி வரவேண்டிய பாதையில் அல்லவா அது கிடக்கிறது! சுற்றிலும் இப்போது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அதனால் இனி இன்னொரு பெரிய அணைக்கு இங்கே இடம் தேடுவது சரியாக இருக்காது என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வெள்ளம். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் அணை நிறைந்திருக்க வேணும். வெள்ளத்தைத் தாங்கவோ அதில் காலி இடம் வேணும். பிசானத்துக்காக ஐப்பசி, கார்த்திகையில் தேக்கி வைத்திருக்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, கொள்ளளவு ஐந்தரை டி.எம்.சி. பொதிகை மலையில் மேகம் ஒருநாள் கொட்டித் தீர்த்தால் அது போதாது. வருகிற தண்ணீரை வந்தபடியே திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1992 நவம்பரில் அம்பாசமுத்திரம் பக்கத்து மக்கள் அதைப் பார்த்தார்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லை ஜங்ஷனே தண்ணீரில் நின்றது. அந்தத் தடவை அணைக்குக் கீழே சமவெளியில் பெய்ததும் சேர்ந்துகொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல்! அணையை மட்டும் குறை சொல்லவும் முடியாது.

அதனாலேயே நெல்லைக்காரர்கள் மழைக்காலத்தில் பேப்பரைப் பிரித்ததும் 'அணை நீர்மட்டம்' பார்ப்பார்கள். வெளியூரிலிருந்து குளிக்க வருகிறவர்களும் பாருங்கள். 140 அடியைத் தாண்டியிருந்தால் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், சோப்பு போனாலும் போகுது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிடுங்கள்.