லட்சுமிபாய் திலக்: மகன் நிறைவு செய்த தாயின் நினைவுகள்

மராத்தியக் கிறித்தவ வரலாறு நாராயண் வாமன் திலக்கைப் பெருங்கவிஞராகப் போற்றுகிறது. மனைவி லட்சுமிபாயின் (1868–1936) ஊழியமோ அதன் துணைக்கதையாகவே சுருங்கிவிடுகிறது. இது நியாயமன்று. கணவர் 1895இல் திருமுழுக்குப் பெற்றபின் சில ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த அவர், சாதி ஆசாரத்தைச் சிறிது சிறிதாகக் கைவிட்டு, 1900இல்தான் திருச்சபையில் சேர்ந்தார். ஆதரவற்ற பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். பள்ளிக்கூடமே காணாத அவர்தாம், 1919இல் கணவர் மறைந்தபின், முற்றுப்பெறாது நின்ற ‘கிறிஸ்தாயன்’ காவியத்தைத் தொடர்ந்து பாடியவர். ‘ஸ்மிருதிசித்ரே’ என்னும் அவரது தன்வரலாறு வீட்டில் பேசும் மராத்தியிலேயே நடக்கிறது. நல்லவேளையாக, பண்டித வாடை அதில் இல்லை. நான்காம் பகுதி முடியுமுன் அவர் மறைந்தார். எஞ்சியதை எழுதி நிறைவு செய்தவர் மகன் தேவதத்தர்.