திருக்குற்றாலமும் உறைவிடந் தேர்ந்த முன்னோரும்

மக்கள் தாம் வாழ்தற்கும், சின்னாள் சென்று தங்கி இளைப்பாறுதற்கும் உரிய இடத்தைத் தேருங்கால் நீர்வளம், நிலவளம், காற்று, காட்சி என்பவற்றை நோக்குவர். இஃது உலகியல். சைவப் பெருமக்கள் இவற்றோடு அமையாது, மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றன் சிறப்பும் ஒருங்கே வாய்ந்த இடத்தையே சிறந்ததெனக் கொண்டனர். இயற்கையின் எழிலும் இறைவன் திருவருளும் வேறு வேறிடத்தில் தேடத்தக்கன அல்ல என்பது அவர் துணிபு. இத்துணிபிற்குக் கண்கண்ட சான்றாக விளங்குவது, இன்றைய தென்காசி மாவட்டத்தில் திரிகூட மலையடிவாரத்தே அமைந்த திருக்குற்றாலமாகும்.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல்புறத்தே மழையைச் சொரிந்துவிடும். ஆதலின், அக்காலத்தில் மலைக்குக் கீழ்புறத்துள்ள நெல்லைச் சமவெளி பெரும்பாலும் வறண்டே கிடக்கும். ஆயின் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து வழிவிடுகின்றது. அவ்வழியே புகுந்து வரும் ஈரக்காற்று குற்றாலத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் குளிர்விக்கின்றது. ஆனி முதல் ஆவணி வரை, வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் அப்பருவத்தையே சாரற் காலம் என்பர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் அருவிகள் மீண்டும் பெருகும். ஓராண்டில் இருகால் மழைப்பயன் பெறும் இந்நிலத்தைத் தேர்ந்த முன்னோர் மதிநுட்பம் பெரிது.

இங்குள்ள பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தினின்றும் இழிவது. எனினும் அது நேரே நிலத்தில் வீழ்வதன்று. இடையே பாறையில் அமைந்த பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த சுனையில் வீழ்ந்து, வேகந் தணிந்து, பொங்கி வழிந்து கீழே வருகின்றது. அதனாலேதான் எளியரும் அதன்கீழ் நின்று நீராட இயல்கின்றது. அருவி தழுவிச் செல்லும் பாறையிற் சிவலிங்கத் திருவுருவங்கள் பொறிக்கப்பெற்றிருத்தலை நீர் குறைந்த காலத்திற் காணலாம். சிவலிங்கத் திருமேனியை நனைத்த நீரே அடியார் தலைமேல் வந்து வீழ்கின்றது. இயற்கையே இடையறாது திருமஞ்சனம் ஆட்டும் தலம் இதுவெனின் மிகையாகாது.

பேரருவியின் அருகே குற்றாலநாதர் திருக்கோயில் சங்கு வடிவில் அமைந்துள்ளது. அம்மையின் திருப்பெயர் குழல்வாய்மொழி. தலமரம் குறும்பலா. திருமாலுக்குரியதாயிருந்த இக்கோயிலிற் புகுந்த அகத்திய முனிவர், அத்திருவுருவைச் சிவலிங்கமாகக் குழைத்தனர் என்பது தலபுராணம் கூறும் வரலாறு. திருஞானசம்பந்தப் பெருமான் இங்கு இரண்டு திருப்பதிகங்கள் அருளினர். அவற்றுள் ஒன்று திருக்குற்றாலத்தைப் பாடுவது. மற்றொன்று தலமரத்தின் பெயராலேயே வழங்கும் திருக்குறும்பலாப் பதிகம். மரம் ஒன்றனையும் இறைவன் உறைவிடமாகக் கொண்டு தனிப் பதிகம் பாடிய அருட்செயல், காட்டையும் மரத்தையும் நம்மவர் எக்கண்கொண்டு நோக்கினர் என்பதைத் தெளிவுறுத்தும்.

மாணிக்கவாசகப் பெருமான் திருவாசகத்துத் திருப்புலம்பலிற் குற்றாலத்தைக் குறித்த இடம் ஆழ்ந்து நினைதற்குரியது. உற்றாரும் வேண்டா, ஊரும் வேண்டா, பேரும் வேண்டா எனத் துறந்த அப்பெருமான், குற்றாலத்தை விரும்பி உறையும் கூத்தனையே விளித்து, அவன் திருவடிக்குக் கசிந்துருகும் பேற்றை வேண்டுகின்றார். தமக்கென ஓர் ஊரை வேண்டாதவரும் இறைவன் விரும்பிய ஊரை மறந்திலர். எனவே, இடந் தேர்தலின் முடிந்த பயன் வசதியன்று. உள்ளம் உருகுதலே என்பது பெறப்படும்.

ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபையும் இத்தலத்ததே. தில்லையிற் பொன்னம்பலமும், மதுரையில் வெள்ளியம்பலமும், நெல்லையிற் செம்பும், ஆலங்காட்டில் இரத்தினமும் அம்பலமாயின. குற்றாலத்திலோ ஓவியமே அம்பலமாயிற்று. கோயிலுக்குச் சிறிது அப்பால், குளத்தை முன்னிட்டு விளங்கும் அச்சபையின் சுவர்களெல்லாம் வண்ணச் சித்திரங்கள். மார்கழித் திருவாதிரை இங்குச் சிறப்புற நிகழ்வது.

இயற்கைக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பினை இத்தலத்தில் நிலைநாட்டியவர் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலத் தலபுராணமும் குற்றாலக் குறவஞ்சியும் அவர் இயற்றியவை. மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் குறவஞ்சியை உவந்து அவருக்கு அளித்த நிலம், குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது. நம் காலத்திற்கு அணித்தாக, இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இவ்வூரைத் தம் உறைவிடமாகத் தேர்ந்து, 1954-இல் மறையுந்துணையும் வந்தவர்க்கெல்லாம் கம்பன் கவியை விருந்தாக அளித்தனர். இராசாசி, கல்கி முதலியோர் அவ்விருந்தை நாடி வந்தவர்கள்.

இனி, முன்னோர் இடந் தேர்ந்த முறையிற் பிறிதொரு நுட்பமும் உண்டு. அருவிக்கரையில் அவர் கோயிலை அமைத்தனர், பெருநகரை அமைத்திலர். குற்றாலத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், சிற்றாற்றங்கரையில் தென்காசி எழுந்தது. எறும்புச் சாரை சென்று முடியும் இடத்திற் கோயில் எடுக்குமாறு இறைவன் கனவிற் பணித்தான் என்பது அத்தலத்து வரலாறு. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் காசிவிசுவநாதர் திருப்பணியைத் தொடங்கினான், 1457-இல் கோபுரத் திருப்பணியை மேற்கொண்டான், 1463-இல் மறைந்தான். பிற்காலத்தே சிதைந்து மொட்டையாய் நின்ற அக்கோபுரம், ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. மலையில் தோன்றும் சிற்றாறு வழியிலுள்ள வயல்களையும் குளங்களையும் ஊட்டிச் சீவலப்பேரியருகே பொருநையிற் கலக்கின்றது. மேலே அருவி தூயதாயிருந்தால் கீழே உள்ளவர் அனைவரும் வாழ்வர். இதனை உணர்ந்தே முன்னோர் மலையை இறைவனுக்கு விட்டுச் சமவெளியில் தாம் அமைந்தனர்.

இன்றைய நிலை யாது? சாரற் காலத்தில் மக்கள் வெள்ளம் போல் திரள்கின்றனர். விடுதிகள் பெருகின. சிவலிங்கத்தை ஆட்டி வரும் நீரில் எண்ணெயும் சவர்க்காரமும் கலந்தன. 2014-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றைப் பயன்படுத்தலாகாதென விலக்கவேண்டி வந்தது. அடியார் தாமே உணர்ந்து விலக்க வேண்டியதை நீதிமன்றம் விலக்கியது நமக்குப் பெருமை தருவதன்று. 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பெருகியதில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். கோடையின் நடுவிலும் மலைமேற் பெய்த மழை நொடியிற் கீழே பாயும் என்பதனை அத்துயரம் உணர்த்திற்று. அருவி அருளும் தாய். அளவறிந்து அஞ்சி அணுகத்தக்க ஆற்றலும் அதுவே.

ஆகவே, இயற்கை வளம் மிக்க நாட்டிற் சென்று தங்கவோ வாழவோ விரும்புவார் மூன்றனைச் சிந்தித்தல் வேண்டும். அவ்விடம் தமக்குத் தரும் இன்பம் யாது என்பது ஒன்று. தாம் அவ்விடத்திற்குச் செய்யும் தீங்கு யாது என்பது மற்றொன்று. தமக்குப் பின்வருவார்க்கு அஃது எந்நிலையில் எஞ்சும் என்பது மூன்றாவது. முதல் வினாவோடு நின்றுவிடுவோர் பலர். மூன்றனையும் எண்ணுவோரே தலவாசத்திற்கு உரியர்.

பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கல்வெட்டில் ஒரு வேண்டுகோள் விடுத்துள்ளான். தான் எடுத்த கோயிலுக்குப் பின்னாளிற் குறை ஏதேனும் நேரின், அதனை நீக்கிக் காப்போரை உலகறியப் பணிவதாக அவன் உரைக்கின்றான். முடியணிந்த தலை, பிறந்திராத தொண்டர்களின் முன் தாழ்ந்தது! திருப்பணிக்குப் பொருள் ஈந்த அன்பர் ஒவ்வொருவரும் அவ்வரசன் வணக்கத்தைப் பெற்றவரே. கோபுரத்தைக் காத்தல் எத்துணைப் புண்ணியமோ, அத்துணைப் புண்ணியம் அக்கோபுரத்தின்மேல் வீசும் தென்றலையும், அதன் அடியில் ஓடும் ஆற்றையும், ஆறு பிறக்கும் காட்டையும் காத்தல். கல்லாலாகிய கோயிலுக்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு ஆற்றுகின்றோம். மலையாகிய கோயிலுக்கு வான்முகிலே ஆண்டுதோறும் குடமுழுக்கு ஆற்றுகின்றது. அந்நீரை மாசுபடாது காத்தலே நாம் அதற்குச் செய்யும் திருப்பணியாகும். குழல்வாய்மொழியம்மை உடனாய குற்றாலநாதர் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்